மூன்றாவது தை

மாடியில் குடியிருக்கிறவர் எலியாசர்,
ஐஸ் கம்பெனியில் அம்மோனியா பைப் பார்க்கிற மெக்கானிக்.
பரவூர்க்காரர். யூதர் என்பது
வாடகைப் பத்திரம் எழுதின அன்றுதான் தெரியும்.
மண்டபத்தில் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.
வெள்ளி பொழுது சாய்ந்தால் சனி இருட்டும் வரை
போன் எடுக்க மாட்டார். கம்பெனி திட்டும்.
அவ்வளவுதான்.

தைப்பூசத்தன்று
குழாய் ஸ்பீக்கர் கத்தலுக்கு மேலே குரல் உயர்த்திச் சொன்னார்:
இன்றைக்கு மரங்களுக்கு வருஷப் பிறப்பு.
உங்களுக்கும் எங்களுக்கும் நிலா ஒன்றுதான் போலிருக்கிறது, மேடம்.

சும்மா போகக் கூடாதே என்று
பம்ப் ஓரத்துக் கொய்யாவில் ஐந்து பறித்து
எவர்சில்வர் தட்டில் வைத்து ஏறினேன்.

மேஜையில் கீழக்கரைக் கடைப் பேரீச்சை,
உலர்ந்த அத்தி, திராட்சை, பிளந்த மாதுளை,
கோதுமை அடை ஒன்று,
ஜாடியில் உப்புநீரில் ஒலிவக்காய்.
குருத்தோலை ஞாயிறில் பனங்குருத்தைப் பிடித்துக்கொண்டு
ஒலிவக் கிளை என்று பாடியே நாற்பது வயசாகிவிட்டது,
அதன் காயை அன்றுதான் பார்க்கிறேன். கசந்தது.

வாழைப்பழத்தைத் தள்ளி வைத்திருந்தார்.
வாழை மரம் இல்லையாம். குலை தள்ளினதும் சாகிறதாம்.
அதற்கு மண்ணின் கனி என்று வேறு வாழ்த்து.
பனங்கிழங்கு அவரைக் குழப்பியது.
பனை மரம், சரி. கொட்டை மரத்துடையது, சரி.
முளைத்தது மண்ணுக்குள்ளே. இதற்கு எந்த வாழ்த்து?
கண்ணை மூடி யோசித்து,
எல்லாமே அவன் சொல்லால் ஆனது என்கிற
பொதுவான ஒன்றைச் சொல்லி நார் உரித்துத் தின்றார்.

என் கொய்யாவை மட்டும் தொடவில்லை.

எனக்குச் சுருக்கென்றது.
வசூலுக்குப் போகிற வீடுகளில்
தண்ணீர் செம்பு எனக்கு எட்டாமல் வைக்கப்படும் வகை
எனக்குத் தெரியும்.

அவர் கேட்டார்: மரத்துக்கு வயசு என்ன?

முந்தின ஆடிக்கு முந்தின ஆடியில் நட்டது.
விரல் விட்டு எண்ணினார்.
இது இரண்டாவது தை. இன்னும் ஒன்று போகணும்.
அதுவரை பூக்கிற பூவின் காய் யாருக்கும் ஆகாது.
மூன்று வருஷம் மரத்திடம் ஒன்றும் கேட்கக் கூடாது, மேடம்.
நாலாவது வருஷத்துக் காய் சாமியுடையது,
ஒரு காசு வைத்து மீட்டுத்தான் தின்னணும்.

மீட்டு.
அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.
என் பையில் முப்பத்தாறு பாஸ்புக் இருக்கிறது.

படியில் இறங்கும்போது ஒரு கொய்யாவைக் கடித்தேன்.
எனக்கு அந்தச் சட்டம் இல்லை.
லேசாக உப்புக் கரித்தது. எங்கள் போர் தண்ணீர் அப்படி.

திங்கள் காலை சின்னப்பாலம்.
பௌர்ணமி வற்றில் பாசி எடுத்துக் கரையேறின பெண்கள்
ஈரச் சட்டையோடு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.
நம்புத்தாய்க்குக் கடன் கொடுத்து எட்டு நாள்.
எட்டாம் நாளே முதல் தவணை, அறுநூற்று நாற்பது.
விரலில் சுற்றின துணியை அவிழ்க்காமலே
நோட்டுகளை எண்ணினாள். நூறு குறைந்தது.
குழுவே தலை குனிந்திருந்தது.
ஒருத்தி தவறினால் எல்லாரும் கட்ட வேண்டும்,
அது எங்கள் சட்டம்.

எப்போது வாங்கினாய் என்று கேட்க வந்தவள்
எப்போது நட்டாய் என்று கேட்டுவிட்டேன்.

என்னத்தை, அக்கா?

சிரித்தார்கள். வெயிலில் பாசி வாடை.
நானும் சிரித்தேன்.
நூறை அடுத்தவள் முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தந்தாள்.
வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது
பம்ப் ஓரத்தில் பாதி தின்ற கொய்யா கிடந்தது.
அணில் கிளையில் உட்கார்ந்து
அடுத்ததை உருட்டிக்கொண்டிருந்தது.
விரட்டலாமா என்று ஒரு கல் எடுத்தேன்.
மாடியில் எலியாசர் கைலியை உதறிக் கொடியில் போட்டார்.
அதற்கென்ன, மேடம், அதற்கு வருஷம் எண்ணத் தெரியாது.

கல்லை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.